குழல் மாற்றும் கலை: பட்டறையிலா, வீட்டுக் கூடத்திலா?

ஜிம் கார்பெட்டின் 'குமாயுன் புலிகள்' நூலைத் தமிழில் வாசித்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருக்கக்கூடும். அந்தப் புலிகள் மறப்பதில்லை. ஆனால் கார்பெட்டின் கையிலிருந்த துப்பாக்கியை நினைவில் வைத்திருப்போர் குறைவு. 1907ஆம் ஆண்டில் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியமைக்காக, அப்போதைய ஐக்கிய மாகாணங்களின் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹ்யூவெட் அவருக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். .275 ரிக்பி என்பது அதன் பெயர். பெயரும் முடிப்பு வேலையும் லண்டனைச் சேர்ந்தவை. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இயங்குபகுதியோ, ஜெர்மனியின் ஓபர்ன்டோர்ஃப் நகரத்தில் பிறந்த மௌசர். நம் மனத்தில் ஒரே பொருளாகப் பதிந்திருக்கும் ஒரு துப்பாக்கி, உண்மையில் வெவ்வேறு ஊர்களின் கைத்திறன் ஒன்றாகப் பூட்டப்பட்ட கூட்டுப் பொருள்!

அப்படிப் பூட்டப்படும் இடங்களில் மிக முக்கியமானது, குழல் சென்று உடற்பகுதியுடன் சேரும் மரை. பின்கட்டையைத் திருப்பி இழுத்து இயக்கும் 'போல்ட் ஆக்‌ஷன்' ரைபிள்களில் குழல் என்பது தேயும் உறுப்பு. ஒவ்வொரு வேட்டின்போதும் வெடிமருந்தின் அனல் குழலின் தொடக்கத்தை அரித்துக்கொண்டே வருகிறது. சில ஆயிரம் வேட்டுகளுக்குப் பிறகு, சில வகைத் தோட்டாக்களில் அதற்கும் முன்பே, உட்புறச் சுருள்வரிகள் மழுங்கிக் குறி சிதறத் தொடங்கும். உடல் அப்படியே இருக்கக் குழலை மட்டும் மாற்ற வேண்டும். அதை யார் மாற்றுவது? தொழில் கற்ற துப்பாக்கிக் கொல்லரா (இச்சொல்லில் தொனிக்கும் சிலேடைக்கு நாம் பொறுப்பல்ல!), அல்லது துப்பாக்கியின் உரிமையாளரே தன் வீட்டில் செய்துகொள்ளலாமா? அமெரிக்கச் சுடுகலை ஆர்வலர்களிடையே பல பத்தாண்டுகளாக நடந்துவரும் விவாதம் இது. மேலோட்டமாகப் பார்த்தால் கூலியை மிச்சப்படுத்தும் கணக்கு. சற்றே ஆழச் சென்றால், கைவினையிலிருந்து எந்திரத் தொழிலுக்கு உலகம் நகர்ந்த வரலாறு முழுவதும் இந்த ஒரு மரைக்குள் சுருண்டு கிடப்பது தெரியும்.

வரலாற்றுக்குள் நுழையும் முன் ஓர் அளவைப் புரிந்துகொள்வோம். 'ஹெட்ஸ்பேஸ்' என்பது அதன் பெயர். தோட்டாவை அறைக்குள் இட்டுப் பூட்டியபின், பூட்டின் முகத்துக்கும் அறைக்குள் தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் விளிம்புக்கும் இடையிலுள்ள தொலைவு அது. தொலைவு குறைந்தால் பூட்டு மூடாது, அவ்வளவுதான். கூடிவிட்டால்தான் ஆபத்து. வெடிக்கும் கணத்தில் பித்தளைக் கூடு அந்த இடைவெளியை நிரப்புவதற்காக நீளும். அளவுக்கு மீறி நீண்டால் அடிப்பக்கமாகக் கிழியும். சதுர அங்குலத்துக்கு ஐம்பது, அறுபதாயிரம் பவுண்டு அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் வாயு, கிழிந்த வழியே பின்னோக்கிப் பாயும். அங்கே இருப்பது சுடுபவரின் கன்னமும் கண்ணும்!

புகழ்பெற்ற .30-06 தோட்டாவுக்கு அமெரிக்க இராணுவம் வைத்திருந்த இரண்டு அளவிகளை உதாரணமாகக் கொள்ளலாம். 1.940 அங்குல அளவியின் மீது பூட்டு மூட வேண்டும், 1.946 அங்குல அளவியின் மீது மூடக்கூடாது. இரண்டுக்கும் வேறுபாடு அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் 0.15. இந்த அற்ப இடைவெளிக்குள் குழலைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குப் பெயர்தான் குழல் மாற்றுதல். மற்றதெல்லாம் முடுக்குவதும் கழற்றுவதும்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தக் கேள்வியே எழுந்திருக்க வாய்ப்பில்லை. பர்மிங்காமின் துப்பாக்கித் தெருக்களில் குழலைத் துளைப்பவர் ஒருவர், விசைப்பூட்டை அராவுபவர் வேறொருவர், மரக்கட்டை செதுக்குபவர் மற்றொருவர். எல்லாவற்றையும் ஒன்றுசேர்ப்பவரின் கையில் ஓர் அரம் இருக்கும். எந்த உறுப்பும் மற்றதோடு தானாகப் பொருந்தாது. அவர் அராவி அராவிப் பொருத்துவார். ஒரு துப்பாக்கியின் உறுப்பு அதே பட்டறையின் மறு துப்பாக்கிக்குச் சேராது. பழுதென்றால் கொல்லரிடம்தான் போயாக வேண்டும். அன்று அறிவு முழுவதும் அவர் விரல்நுனியில் இருந்தது.

1854இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் குழுவொன்று அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆயுதசாலைக்குச் சென்றது. அங்கே அவர்கள் செய்த சோதனை, தொழில்நுட்ப வரலாற்றில் ஆர்வமுள்ளோர் அனைவரும் அறிய வேண்டியது. 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாவற்றையும் பிரித்து, உறுப்புகளை ஒன்றாகக் கலந்தார்கள். பின்பு கலவையிலிருந்து ஒவ்வோர் உறுப்பாக எடுத்துக் கொடுக்க, அங்கிருந்த தொழிலாளி ஒருவர் பத்தையும் மீண்டும் பூட்டினார். அவர் கையில் இருந்தது திருப்புளி மட்டுமே, அரம் இல்லை! வந்தவர்கள் வியந்து திரும்பினர். அடுத்த சில ஆண்டுகளில் லண்டனை அடுத்த என்ஃபீல்டில் அமெரிக்க எந்திரங்கள் ஓடத் தொடங்கின. அன்று அந்தத் தொழிலாளியின் கையில் இல்லாத அரம்தான் நம் கதையின் திருப்புமுனை. அரம் தேவையில்லை என்றால், அரம் பிடிக்கத் தெரிந்தவரும் தேவையில்லை அல்லவா?

அவ்வளவு எளிதாக அது முடிந்துவிடவில்லை. குழலின் முன்புறமாகக் குண்டைத் திணித்த காலம் போய், பின்புறமாகத் தோட்டாவை இட்டுப் பூட்டும் காலம் வந்தபோது, நாம் மேலே கண்ட அந்த அளவும் கூடவே வந்தது. மற்ற உறுப்புகள் மாற்றிப் பொருந்தத் தொடங்கிய பின்னும், குழலும் உடலும் பூட்டும் சந்திக்கும் அந்த ஒரே இடம் மட்டும் கொல்லரின் கையை விடவில்லை. ஒவ்வொரு நாடும் இதற்கு ஒவ்வொரு வழி கண்டது.

பால் மௌசரின் 1898ஆம் ஆண்டு ரைபிளில், குழலின் பின்முகம் உடலுக்குள் அமைந்த ஒரு வளையத்தில் போய் இறுக முட்டி நிற்கும். குழல் எங்கே நிற்க வேண்டும் என்பதை முடுக்குபவர் தீர்மானிப்பதில்லை, உலோகமே தீர்மானிக்கிறது. ஆகவே அளவைச் சரிசெய்ய வேண்டுமானால் கடைசல் எந்திரத்தில் குழலின் பின்முகத்தையோ தோளையோ மெல்லச் சீவ வேண்டும். அல்லது தோட்டா அறையைச் சீவுளியால் சற்றே ஆழப்படுத்த வேண்டும். இரண்டும் பட்டறை வேலைகள்.

இங்கே ஒரு சுவையான செய்தி. ஜெர்மானியப் பெருமையின் சின்னமான அந்த மௌசரின் குழல் மரை, ஆங்கிலேயர் ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்மொழிந்த 55 பாகைக் கோண வடிவம் கொண்டது. அங்குலத்துக்குப் பன்னிரண்டு சுற்று. மெட்ரிக் மரைகளுக்குப் பொது அளவு வகுக்க சூரிச் நகரில் பன்னாட்டு மாநாடு கூடியதும் அதே 1898இல்தான். இரண்டு உலகப் போர்களில் எதிரெதிர் நின்ற நாடுகளில் ஒன்றின் துப்பாக்கிக் கழுத்தில் மற்றொன்றின் மரை! (விட்வொர்த் தாமும் ஒரு ரைபிள் செய்தவரே. 1860இல் விம்பிள்டன் சுடுபோட்டியைத் தொடங்கிவைத்த விக்டோரியா மகாராணி சுட்டது அவருடைய ரைபிளைத்தான். தாங்கியில் பொருத்தி வைத்திருந்ததால் குறி தவற வாய்ப்பில்லை.)

பிரிட்டிஷார் வேறு வழி கண்டனர். அவர்களுடைய லீ-என்ஃபீல்ட் நம் நாட்டில் 'த்ரீ நாட் த்ரீ' என்ற பெயரில் காவல் நிலையங்களில் பல தலைமுறைகள் வாழ்ந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு நாளில்தான். அந்தக் குடும்பத்தின் 'நம்பர் 4' வகையில் பூட்டின் தலைப்பகுதி தனியாகக் கழலும். அத்தலைகள் 0, 1, 2, 3 என எண்ணிடப்பட்டு, படிப்படியாக மிகச் சிறிதளவே நீளம் கூடியவையாகச் செய்யப்பட்டன. இடைவெளி கூடிவிட்டதா? படையணியின் ஆயுதப் பழுதுபார்ப்பாளர் அடுத்த எண்ணுள்ள தலையைத் திருகி மாட்டுவார். கடைசல் எந்திரம் வேண்டாம். செருப்புக் கடையில் அளவு பார்த்து வாங்குவது போன்ற இந்த எளிமை, நம்மைப் பொறுத்தவரை, அக்காலத்தின் மிக அழகிய தீர்வு.

இவையெல்லாம் அரசுகளும் படைகளும் கண்ட வழிகள். குழல் மாற்றுதல் தனிமனிதரின் வீட்டுக்குள் நுழைந்தது அமெரிக்காவில்தான். முதல் உலகப் போருக்குப் பின் தேசிய ரைபிள் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு இராணுவ ஸ்ப்ரிங்ஃபீல்ட் ரைபிள்களை அரசே விற்றது. 1934இல் ஜேம்ஸ் விர்ஜில் ஹோவின் 'நவீன துப்பாக்கிக் கொல்லர்' நூல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. 1950இல் ராய் டன்லப்பின் நூல். அதுவரை குரு-சீட மரபில் மட்டுமே கடத்தப்பட்ட நுட்பங்கள் அச்சேறின.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், தோற்ற நாடுகளின் துப்பாக்கிகளும் வென்ற நாடுகளின் உபரியும் அமெரிக்கச் சந்தையில் வெள்ளமாகப் பாய்ந்தன. அஞ்சலில் பணம் அனுப்பினால் துப்பாக்கி வீடு தேடி வந்த காலம் அது. 1963இல் கென்னடியின் உயிரைக் குடித்த இத்தாலியக் கர்கானோ ரைபிளும், தொலைநோக்கியோடு 19.95 டாலர் விலையில், அப்படி அஞ்சலில் வந்ததே. 1968இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் அந்த வழியை அடைத்தது. அதற்குள் எத்தனையோ மௌசர்களும் ஜப்பானிய அரிசாகாக்களும் அமெரிக்க வீடுகளின் கார் கொட்டகைகளைச் சென்றடைந்திருந்தன. அவற்றை வேட்டைத் துப்பாக்கிகளாக உருமாற்றுவது ஒரு தலைமுறையின் பொழுதுபோக்காயிற்று. மரை வெட்டிய, தோட்டா அறையைச் சற்றே குறையாக விட்ட குழல்கள் விற்பனைக்கு வந்தன. வாங்குபவர் முடுக்கிவிட்டு, மீதியைக் கையால் சீவுளியைத் திருப்பி, அளவி வைத்துப் பார்த்துப் பார்த்து முடித்துக்கொள்ளலாம். வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு பாதி வழி!

அந்த ஆர்வம் எங்கெங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது என்பதற்கு 1959இல் 'அமெரிக்கன் ரைபிள்மேன்' இதழ் வெளியிட்ட செய்தி ஒன்று போதும். ஒருவர் தம் 6.5 மில்லிமீட்டர் அரிசாகாவை .30-06 தோட்டாவுக்கு மாற்ற எண்ணினார். குழலை மாற்றவில்லை, அறையை மட்டும் சீவினார். சீவுளியின் முனை குழலுக்குள் நுழைய மறுத்தது. 'நான் பெரியவன், இது சிறிய துளை' என்று கருவியே எச்சரித்தது எனலாம். அவரோ முனையைத் தேய்த்துச் சிறிதாக்கிக்கொண்டு வேலையை முடித்தார்! 7.8 மில்லிமீட்டர் குண்டு 6.7 மில்லிமீட்டர் துளைவழியே பிதுங்கி வெளியேறியது. மான் வேட்டையும் நடந்தது. துப்பாக்கி தோளை அதிகம் உதைக்கிறது என்பதே அவருக்கிருந்த குறை. அவர் பிழைத்தது அரிசாகா உடலின் வலிமையால். போருக்குப் பின் கொலராடோ மாநிலத்து ட்ரினிடாட் நகரில் பட்டறை நடத்தி, அங்குள்ள கல்லூரியில் தொழிலும் கற்பித்த பி.ஓ. ஆக்லி, பல நாட்டு இராணுவத் துப்பாக்கிகளை வேண்டுமென்றே அதிக மருந்திட்டு வெடிக்கச் செய்து பார்த்தவர். அவருடைய சோதனைகளில் கடைசிவரை தாக்குப்பிடித்ததும் அரிசாகாவே. எல்லா உடல்களும் அப்படியல்ல என்பதை அதே சோதனைகள் காட்டின.

இந்நிலையில் 1958இல் சாவேஜ் நிறுவனம் தன் 110ஆம் மாதிரியை வெளியிட்டது. வடிவமைத்தவர் நிக்கலஸ் ப்ரூவர். மௌசரைப் போலக் குழல் முட்டி நிற்கும் வளையமோ தோளோ இதில் இல்லை. குழலின் மரை மீது ஒரு பெரிய நட்டு ஓடுகிறது. அறைக்குள் அளவியை வைத்துப் பூட்டை மூடி, குழல் அந்த அளவியைத் தொடும்வரை கையால் முடுக்கி, அந்த இடத்திலேயே நட்டை இறுக்கிவிட்டால் தீர்ந்தது. அங்குலத்துக்கு இருபது சுற்றுள்ள மரை அது. ஒரு முழுச் சுற்றுக்குக் குழல் 1.27 மில்லிமீட்டர் நகரும். நாம் முன்பு கண்ட 0.15 மில்லிமீட்டர் இடைவெளி என்பது ஏறக்குறைய ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு! கண்ணால் காண முடியாத அளவு, கையால் உணரக்கூடிய திருப்பமாக மாறிவிட்டது. ஆயிரத்தில் ஒரு பங்கைச் சீவத் தெரிந்த கைக்கு அங்கே வேலையில்லை.

ப்ரூவர் வீட்டில் குழல் மாற்றுவோரை மனத்தில் கொண்டு இதைச் செய்யவில்லை. தொழிற்சாலையில் பொருத்துவோரின் நேரத்தை மிச்சப்படுத்தி விலையைக் குறைப்பதே நோக்கம். நட்டு பார்வைக்கு அழகற்றது என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. மலிவுக்காகச் செய்யப்பட்ட ஒன்று பின்னாளில் விடுதலையாகத் தோன்றியது. பல பத்தாண்டுகள் கழித்து, ஆயத்தக் குழல், நட்டுச் சாவி, பட்டறைப் பிடி, இரண்டு அளவிகள் ஆகியவற்றோடு ஒரு மாலைப்பொழுதில் வீட்டிலேயே குழல் மாற்றும் வழக்கம் சாவேஜ் உரிமையாளர்களிடம் பரவிற்று. 1962இல் வந்த ரெமிங்டன் 700இன் உரிமையாளர்கள் தங்கள் துப்பாக்கிக்கும் அந்த நட்டைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

அப்படியானால் கொல்லர் காலாவதியாகிவிட்டாரா? இல்லை என்பதோடு, விவாதத்தின் இரு தரப்பினரும் போதிய கவனம் தராத ஒன்றும் இங்கே உண்டு என்பது நம் எண்ணம். அளவி இடைவெளியைத்தான் அளக்கும், எஃகை அளக்காது.

ஸ்ப்ரிங்ஃபீல்ட் ரைபிள்களின் கதையே இதற்குச் சான்று. 1917இல் சில துப்பாக்கிகளின் உடல்கள் வெடித்துச் சிதறின. விசாரித்தபோது, எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்தும் கட்டத்தில் குறை இருப்பது தெரிந்தது. அனுபவம் மிக்க தொழிலாளர்கள் உலோகத்தின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே வெப்பத்தைக் கணித்துவந்தார்கள். மேகமூட்ட நாளில் செக்கச்சிவந்து தெரியும் எஃகு, வெயில் பளீரிடும் நாளில் மங்கலாகத் தெரியுமல்லவா? இன்னும் சூடு போதாதென்று மேலும் காய்ச்சினார்கள். வேறுபாடு 300 ஃபாரன்ஹீட் பாகை வரை இருந்ததாக ஜூலியன் ஹாட்சர் தம் 'குறிப்பேடு' நூலில் (1947) பதிவு செய்கிறார். வெயிலடித்த நாள்களில் பிறந்த உடல்கள் நொறுங்கும் தன்மை பெற்றன! அதன்பின் வெப்பமானிகள் வைக்கப்பட்டு, பதப்படுத்தும் முறையும் மாற்றப்பட்டது. ஸ்ப்ரிங்ஃபீல்டில் 8,00,000க்கும், ராக் ஐலண்டில் 2,85,507க்கும் கீழ்ப்பட்ட எண்ணுள்ள உடல்கள் இன்றுவரை ஐயத்துக்குரியவையாகக் கருதப்படுகின்றன.

கைவினைஞரின் கண்ணைப் போற்றுவோர் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே தவறியது அந்தக் கண்ணேதான். அதேவேளை, வீட்டுக் கூடத்தில் அளவியோடு அமர்ந்திருப்பவரும் கவனிக்க வேண்டும். குறைந்த எண்ணுள்ள ஓர் உடலில் புதுக் குழலை எவ்வளவு துல்லியமாக முடுக்கினாலும் இரண்டு அளவிகளும் 'சரி' என்றே சொல்லும். எண்ணைப் பார்த்ததும் வேலையை ஏற்க மறுப்பவர், அந்த வரலாற்றை அறிந்த கொல்லர். நாம் கூலி கொடுப்பது அவர் கடைசல் எந்திரத்துக்கு மட்டுமன்று. அவருடைய மறுப்புக்கும் சேர்த்துத்தான்.

கொல்லரின் தொழிலும் மாறிவிட்டது. கணினி வழி இயங்கும் எந்திரங்களில் உருவாகும் இன்றைய சிறந்த உடல்கள் ஒன்றுக்கொன்று வேறுபாடின்றி அமைகின்றன. ஆகவே துப்பாக்கியைக் கண்ணால் பாராமலே, உடலின் மாதிரியை மட்டும் கேட்டறிந்து, தோளும் அறையும் முற்றும் முடித்த குழலைக் கொல்லர் அனுப்பிவிடுகிறார். அதில் நட்டும் இல்லை. உரிமையாளர் வீட்டில் முடுக்குகிறார். இது வீட்டு வேலையா, பட்டறை வேலையா? நமக்கு விளங்கவில்லை!

இவ்வளவும் ஏன் அமெரிக்காவிலேயே வளர்ந்தது? மலிவான துப்பாக்கிகளும் தாராளமான சட்டமும் மட்டுமே காரணமல்ல. லண்டன் துப்பாக்கிக் கொல்லர் சங்கம் 1637இல் அரசப் பட்டயம் பெற்றது. பர்மிங்காமில் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு சோதனைச்சாலை எழுந்தது. இன்றும் அங்கே விற்பனைக்கு வரும் துப்பாக்கி, வழக்கமான உச்ச அழுத்தத்தைவிடக் கால்பங்கு கூடுதலாகத் தரும் சோதனைத் தோட்டாவைத் தாங்கி முத்திரை பெற்றாக வேண்டும். குழல் மாற்றினால் பழைய முத்திரை போதாது. விற்பதற்கு முன் மறுபடியும் சோதனை. நம் நாட்டிலோ 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் சோதிப்பதும்கூட உரிமம் பெற்றவர்க்கே உரியவை என்பதால், இக்கேள்விக்கே இடமில்லை.

அமெரிக்காவில் அத்தகைய பொதுச் சோதனைச்சாலை எதுவும் கிடையாது. 1926இல் உற்பத்தியாளர்கள் கூடி அமைத்த அமைப்பு தோட்டாவுக்கும் அறைக்கும் அளவுகளை வகுத்ததே தவிர, அவற்றைப் பின்பற்றுவது அவரவர் விருப்பம். வீட்டில் செய்யப்பட்ட குழலுக்குச் சாட்சி சொல்ல ஒருவருமில்லை. ஆதலால் பழைய ஆர்வலர்கள் தமக்கெனச் சோதனைச்சாலை ஒன்றை வகுத்துக்கொண்டார்கள். புதுக் குழல் பூட்டிய துப்பாக்கியைப் பழைய கார் டயர் ஒன்றில் வைத்துக் கட்டுவார்கள். விசையில் நீண்ட கயிற்றைப் பிணைப்பார்கள். பெரிய மரமொன்றின் பின்னால் மறைந்து நின்று கயிற்றை இழுப்பார்கள். பிறகு வந்து, வெளியே எடுத்த காலிக் கூட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், அடிப்பக்கத்தில் பளபளப்பான வளையம் ஏதும் தெரிகிறதா என்று.